அட்டையின் நடுவே நின்ற பெண்

ஒரே இடத்தில் உட்கார என்னால் ஆகாது. சின்ன வயதில் சர்ச்சில் பூசை நேரத்தில் காலை ஆட்டிக்கொண்டே இருப்பேன் என்று அம்மா தொடையில் கிள்ளுவாள். அப்படிப்பட்டவளுக்கு வாய்த்த வேலை, மரக்காணத்தில் மெயின் ரோட்டோரம் ஒரு ஃபிளெக்ஸ் கடையில் காலை முதல் மாலை வரை கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருப்பது. காதணி விழா, மஞ்சள் நீராட்டு, புதுநன்மை, தலைவர் பிறந்தநாள், கண்ணீர் அஞ்சலி. பின்னால் சிங்கம் வேண்டுமா, மேகம் வேண்டுமா என்பது மட்டும்தான் வித்தியாசம். சில வருஷம் அதையே செய்த பிறகு, இன்னும் ஒரு சிங்கத்தை வெட்டி ஒட்டச் சொன்னால் கம்ப்யூட்டரைத் தூக்கி ரோட்டில் எறிந்துவிடுவேன் என்ற நிலைக்கு வந்திருந்தேன். எறியவில்லை. அதற்குப் பதிலாக ஒரு காமிக்ஸ் ஆரம்பித்தேன்.

நாலு இதழோடு நின்றுபோன தொடர் அது. அதன் பெயரை இங்கே எழுதப் போவதில்லை. தெரிந்தவர்களுக்குத் தெரியும், தெரியாதவர்களுக்குத் தெரிந்து ஆகப்போவது ஒன்றுமில்லை. ஐந்து பிள்ளைகள், ஆளுக்கொரு சக்தி, எங்கள் கடற்கரையைக் காப்பாற்றுகிற குழு. கதை சரியில்லாமல் நிற்கவில்லை, படம் சரியில்லாமலும் நிற்கவில்லை. அட்டையில் நடுவே யார் நிற்பது என்ற கேள்வியில் நின்றது. வெளியூர்க்காரர்களுக்கு இது சிரிப்பாக இருக்கும். எங்கள் ஊரில் யாரும் சிரிக்கவில்லை.

சூப்பர்ஹீரோ என்றால் கட்டடத்துக்குக் கட்டடம் தாவ வேண்டும் என்று யார் சொன்னது என்று எனக்கு ரொம்ப நாளாகவே எரிச்சல். எங்கள் பக்கம் தாவுவதற்குக் கட்டடம் ஏது? கண்ணுக்கெட்டிய தூரம் உப்புப் பாத்தி, அதைத் தாண்டினால் கழிமுகம், அதையும் தாண்டினால் கடல். ஆகவே என் பிள்ளைகள் ஓடுவார்கள், மூழ்குவார்கள், கத்துவார்கள், பறக்க மட்டும் மாட்டார்கள் என்று முடிவு செய்தேன். ஒரு சிக்கல் இருந்தது. எனக்கு முகத்தைக் கற்பனையாக வரைய வராது. போட்டோ இருந்தால் அச்சு அசலாக வரைவேன், இல்லாவிட்டால் எல்லா முகமும் என் அண்ணன் முகமாகவே வரும். நல்லவேளை, கடைக் கம்ப்யூட்டரில் ஊர்ப் பிள்ளைகள் பாதிப் பேரின் முகம் இருந்தது. அவரவர் வீட்டில் கேட்டுவிட்டு நாலு பேரை எடுத்துக்கொண்டேன்.

அனுமந்தையில் படகு வைத்திருப்பவரின் மகன், கடலடியில் எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் மூச்சை அடக்கி இருப்பான். கீழ்புத்துப்பட்டுப் பெண் ஒருத்தி, அவள் அப்பாவுக்கு ஆரோவில்லில் சமையல் வேலை, எந்த நாட்டு பாஷையில் பேசினாலும் அவளுக்குப் புரியும். இது சக்தியே இல்லை, அவள் நிஜமாகவே பாதி அப்படித்தான். எங்கள் சர்ச்சில் ஜெபம் சொல்லிக்கொடுக்கிற உபதேசியாரின் மகள் வாயைத் திறந்தால் கோயில் மணி மாதிரி ஏழு தெருவுக்குக் கேட்கும். நாலாவது, உப்பளக் குத்தகைக்காரரின் பேரன். மேகம் கடல்மேல் கிளம்பும்போதே அவன் கண்ணுக்குத் தெரிந்துவிடும்.

ஐந்தாவது ஆள், தலைவி, கம்ப்யூட்டரில் இல்லை. அவளுக்கு யாரும் எப்போதும் ஃபிளெக்ஸ் வைத்ததில்லை. ஒரு கோடைக் காலையில் ஸ்கூட்டரில் வந்துகொண்டிருந்தபோது பார்த்தேன். அவள் அம்மா பாத்தியில் உப்பு வாரிக்கொண்டிருந்தாள், இவள் கஞ்சித் தூக்கோடு வரப்பின்மேல் ஓடி வந்தாள். அந்த வரப்பு ஒரு பாதத்தின் அகலம்தான் இருக்கும், இரண்டு பக்கமும் உப்புத் தண்ணீர். கீழே பார்க்காமல் ஓடினாள். எட்டாவது படிக்கிற பெண், தூக்குக்குள் கஞ்சி தளும்பவில்லை. எதற்காகவும் வண்டியை நிறுத்தாத நான் நிறுத்தினேன். அவள் அம்மாவிடம் போய் விஷயத்தைச் சொல்லி, முகத்தைப் போட்டோ எடுத்துக்கொள்ளலாமா என்று கேட்டேன். உப்பு வாருகிற பலகையை நிறுத்தாமலே எடுத்துக்கோ என்றாள். இந்தப் பெண் உப்பு பூத்த பாத்தியின்மேல் தடம் பதியாமல் ஓடுவாள் என்று அன்றைக்கே முடிவாகிவிட்டது.

வில்லன் மழை. உப்பு முற்றி வாருகிற நேரம் பார்த்து, மேகத்தை மூட்டை கட்டித் தோளில் போட்டுக்கொண்டு வந்து அவிழ்த்துவிடுகிறவன். உப்பளத்துப் பிள்ளைகள் அவனைப் பார்த்தவுடனே புரிந்துகொண்டார்கள். கிழக்கே உப்பளத்தில் கைதட்டல், மேற்கே வயல் பக்கம் வசவு. ஏரிப் பாசனக்காரர் ஒருவர் கடைக்கே வந்து, மழையை வில்லனாகப் போட்ட ஒரே ஆள் உலகத்தில் நீதான், உனக்கு நல்லது கெட்டது சொல்ல வீட்டில் யாரும் இல்லையா என்று கேட்டுவிட்டுப் போனார். எனக்கு அந்த வசவுகூட இனித்தது.

முதல் இதழின் அச்சுக் கூலியைக் குத்தகைக்காரர் ஏற்றுக்கொண்டார். பேரன் படத்தைப் பார்த்ததும் மறு பேச்சில்லை. பின்னட்டையில் அவர் கை கூப்பிய போட்டோ போட வேண்டும், அவ்வளவுதான். அதைக் கண்ணை மூடிக்கொண்டு செய்யும் அளவுக்கு எனக்குத் தொழில் பழக்கம் இருந்தது. பாண்டிச்சேரியில் அச்சடித்து, ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து ஜனங்கள் வெளியே வரும்போது கோயில் வாசலில் விற்றோம். டீக்கடைகளிலும் பள்ளிக்கூட வாசலிலும் வைத்தோம். அடுத்த நாளே பிள்ளைகள் வரப்பில் ஓடிப் பார்த்து உப்புத் தண்ணீரில் விழுந்தார்கள். சிராய்ப்பில் உப்புப் பட்டு அலறிய அலறலுக்கு அவர்களின் அம்மாக்கள் என்னைத்தான் திட்டினார்கள். அந்த நாட்களைப் போல் நான் சந்தோஷமாக இருந்ததில்லை. கடையில் உட்கார்ந்திருந்தாலும் கால் தரையில் பாவவில்லை.

அந்தப் பெண் புத்தகத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு ரொம்ப நேரம் அட்டையையே பார்த்தாள்.

“நடுவுல நானாக்கா?”

நீதானே லீடர் என்றேன். வேறொன்றும் கேட்காமல், முனை மடங்காதபடி இரண்டு நோட்டுக்கு நடுவில் வைத்துப் பையில் போட்டுக்கொண்டாள். அன்றிலிருந்து பள்ளிக்கூடம் விட்டதும் கடைக்கு வந்து, அடுத்து என்ன ஆகும் என்று கேட்காமல் வீட்டுக்குப் போக மாட்டாள். பாதிக் கதை அவள் கேட்ட கேள்விகளிலிருந்து வந்ததுதான்.

அவர் பணத்திலேயே இரண்டாவது இதழும் போயிற்று. மூன்றாவது வந்தபோதுதான் பேச்சு ஆரம்பித்தது. எங்கள் பக்கத்து மக்களுக்குப் புத்தகம் படிக்கிற பழக்கம் இருக்கிறதோ இல்லையோ, ஃபிளெக்ஸ் படிக்க நன்றாகத் தெரியும். நடுவில் பெரிசாக நிற்பவர் யார், அவர் தோளுக்குப் பக்கத்தில் யார், இடுப்புக்குக் கீழே பாஸ்போர்ட் சைஸில் வரிசையாக நிற்பவர்கள் யார் யார் என்று ஒரு பார்வையில் எடை போட்டுவிடுவார்கள். மாமன் முகம் சித்தப்பன் முகத்தைவிட ஒரு விரல்கடை சிறிசாகிவிட்டது என்று கல்யாணம் நின்ற கதை எங்கள் கடையிலேயே உண்டு. நான் காமிக்ஸ் அட்டை என்று நினைத்து வரைந்ததை ஊர் ஃபிளெக்ஸாகப் படித்தது. ஐந்து பேர் நிற்கிறார்கள், நடுவில் உப்பு வாருகிறவளின் மகள், ஓரத்தில் குத்தகைக்காரரின் பேரன். டீக்கடையில் யாரோ அவரிடமே அதைச் சிரித்துக்கொண்டே சொல்லியிருக்கிறார்கள். பணம் போட்டவர் பின்னட்டையில், பேரன் ஓரத்தில், காலனிப் பொண்ணு நடுவில், நல்லா இருக்குது என்று. ஒருத்தன் சிரித்தால் போதும்.

அவர் கடைக்கு வந்தார். நல்ல மனிதர் என்றுதான் அதுவரை நினைத்திருந்தேன், இப்போதும் கெட்டவர் என்று ஒரே வார்த்தையில் சொல்ல முடியவில்லை. சேரை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, என் அப்பாவின் உடம்பை விசாரித்து, கதையைப் புகழ்ந்து, எல்லாம் முடிந்த பிறகு விஷயத்துக்கு வந்தார். கதையை மாற்றவே வேண்டாம், அட்டையில் மட்டும் பேரனை நடுவில் நிறுத்திவிடு என்றார். அவள்தான் ஐயா லீடர் என்றேன். சிரித்தார்.

“லீடர் யாருங்கறது கதைக்குள்ள இருக்கட்டும்மா. அட்டையில எதுக்கு?”

முடியாது என்று சொன்னேன். கொஞ்சம் மரியாதையாகச் சொல்லியிருக்கலாம், எனக்கு வராது. அவர் கோபப்படவில்லை. உன் இஷ்டம், நாலாவது இதழுக்குக் கொடுத்த வாக்கு கொடுத்ததுதான் என்று எழுந்து போனார். ஜெயித்துவிட்டேன் என்று நினைத்துப் பக்கத்து டீக்கடையில் எல்லாருக்கும் டீ சொன்னேன். அன்றைக்கு என்னைவிட ஏமாளி ஊரில் ஒருத்தரும் இல்லை.

அப்போது கார்த்திகை. பாத்திகள் மழைத் தண்ணீரில் மூழ்கிக் கிடந்தன, உப்பளத்தில் யாருக்கும் வேலை இல்லை. பொங்கல் கழிந்து தண்ணீர் வடிந்ததும் பாத்தியைக் காலால் மிதித்துத் தரையை இறுக்குவார்கள். அதற்கு ஆள் கூப்பிடக் குத்தகைக்காரரின் மேஸ்திரி தெருவில் நடந்து வருவார். ஒவ்வொரு வாசலிலும் நின்று, நாளைக்கு வா என்று ஒரு வார்த்தை. மிதிக்கக் கூப்பிட்டவளுக்குத்தான் அந்த வருஷம் முழுக்க உப்பு வாருகிற வேலை. கூப்பிடாமல் போன வீட்டில் ஏன் என்று கேட்கிற வழக்கம் இல்லை, கேட்டால் அடுத்த வருஷமும் இல்லை. அந்த மேஸ்திரி ரேஷன் கடை வரிசையில் அவள் அம்மாவைப் பார்த்து, உம் பொண்ணுதான் பெரிய ஆளாயிட்டாளே, உனக்கு எதுக்கு இந்த வருஷம் சேத்துல மிதிக்கிற வேலை என்று சொல்லிவிட்டுப் போயிருக்கிறார். அதுவும் சிரித்துக்கொண்டேதான்.

அவள் அம்மா மழையில் கடைக்கு வந்தாள். உள்ளே வந்து உட்கார் என்றதற்கு, புடவை ஈரம் என்று படியிலேயே நின்றாள்.

“பாப்பா, அவள அந்த புக்குலேர்ந்து எடுத்துடு.”

எனக்குப் பொங்கிக்கொண்டு வந்தது. யாருக்குப் பயப்படுகிறீர்கள், அவர் யார் சொல்வதற்கு, இது நம் பிள்ளைகளின் புத்தகம், அவளைப் போல ஓட இந்த ஊரில் யார் இருக்கிறார்கள் என்று மூச்சு விடாமல் பேசினேன். சென்னைக்குக் கட்டட வேலைக்குப் போன அவள் புருஷன் நினைத்துக்கொண்டால் பணம் அனுப்புவான், நினைத்துக்கொள்ளாத மாதங்களில் உப்புதான் சோறு போடுகிறது என்பது எனக்கும் தெரிந்ததுதான். தெரிந்தும் பேசினேன். கடைசி வரை கேட்டுவிட்டுச் சொன்னாள்.

“பேசி முடிச்சிட்டியா? எடுத்துடு.”

அவள் போன பிறகு அன்று முழுக்க எனக்கு வேலை ஓடவில்லை. ஒரு மஞ்சள் நீராட்டு பேனரில் தாய்மாமனுக்குப் பதில் கவுன்சிலரின் தலையை ஒட்டிவிட்டேன், பிரிண்ட் போகும் முன் முதலாளி பார்த்ததால் பிழைத்தோம். விஷயம் தெரிந்து அவர் எனக்குப் புத்தி சொன்னார். ஒரு முகத்தைக் கொஞ்சம் தள்ளி வைத்தால் யாரும் செத்துப்போய்விட மாட்டார்கள் என்றார். இத்தனை வருஷம் ஃபிளெக்ஸ் போட்டுச் சேர்த்த ஞானம் அவ்வளவுதான். ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு அனுமந்தை வரை போனேன், திரும்பி வந்தேன், மறுபடி போனேன். கடலில் அலை பெரிசாக இருந்தது, படகுகள் எல்லாம் மேலே ஏற்றிக் கிடந்தன. அவளை நடுவில் வைத்தால் அவள் அம்மாவின் அடுப்பில் கை வைக்கிறேன். ஓரத்தில் தள்ளினால் நானும் அந்த மேஸ்திரியும் ஒன்று. எப்படிப் புரட்டினாலும் கையைச் சுட்டது. கடைசியில் தொடரையே நிறுத்திவிடுவது என்று முடிவு செய்தேன். எதையும் பாதியில் விட்டுவிட்டுப் போவது எனக்குக் கைவந்த கலை.

மறுநாள் சாயங்காலம் அந்தப் பெண் வந்தாள். அவளுக்கு எல்லாம் தெரிந்திருந்தது. இனிமேல் புத்தகம் வராது என்று சொன்னேன். அழுவாள் என்று எதிர்பார்த்தேன், கோபித்துக்கொண்டாள். அதுவும் என்னிடம்.

“மழைக்காரன் மூட்டைய அவுக்கப் போறான்னு சொன்னீங்க இல்ல. இப்ப யாரு தடுக்கறது?”

அவள் என் மேஜைமேல் கிடந்த மூன்றாவது இதழின் அட்டையை எடுத்தாள். தன் முகத்தின்மேல் உள்ளங்கையை வைத்து, கண் மட்டும் தெரிகிற மாதிரி மறைத்துக் காட்டினாள்.

“மூஞ்சிய மூடிடுங்கக்கா. அம்மா பாத்தியில துண்டு கட்டுது இல்ல, அது மாதிரி. நான்தான்னு எனக்குத் தெரிஞ்சா போதும்.”

உப்பளத்தில் பெண்கள் அப்படித்தான் கட்டுவார்கள். வெள்ளை உப்பில் பட்டுத் திரும்புகிற வெயில் முகத்தைப் பொசுக்கிவிடும், அதனால் தலையோடு சேர்த்து மூக்கும் வாயும் மறைய ஒரு துண்டைச் சுற்றி, கண்ணை மட்டும் வெளியே விட்டிருப்பார்கள். எனக்கு என் தலையில் நானே குட்டிக்கொள்ள வேண்டும் போல இருந்தது. உலகத்தில் எந்த மூலையில் யார் சூப்பர்ஹீரோ வரைந்தாலும் முதலில் முகத்துக்குத்தான் ஒரு மூடி போடுவார்கள். எனக்கு மட்டும் அது தோன்றவே இல்லை. முகம் தெரியத்தானே படம் போடுவது என்று மூன்று இதழையும் வரைந்திருக்கிறேன். ஊரைக் குறை சொல்லிக்கொண்டு திரிந்த நானும் அசல் அந்த ஊர்க்காரிதான். அவள் வழி கண்டுபிடித்துவிட்டாள் என்று சந்தோஷப்பட்டிருக்க வேண்டும். எனக்கு அழுகை வந்தது. இந்த வயதில் ஒரு பெண் தானாக வந்து, என் முகம் வேண்டாம் என்று சொல்ல வேண்டியிருக்கிறதே என்று வந்த அழுகை. அவளுக்குத் தெரியக் கூடாது என்று மானிட்டரைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

நாலாவது இதழை அவள் பக்கத்தில் உட்கார்ந்திருக்க வரைந்தேன். முடிச்சைப் பிடரியில் போட்டிருந்தேன், தப்பு என்றாள். குனிந்து வாரும்போது அவிழ்ந்துவிடும், காதுக்குப் பின்னால்தான் போட வேண்டும் என்று அழித்து வரைய வைத்தாள். அட்டையில் அதே ஐந்து பேர், அதே வரிசை. நடுவில் துண்டும் இரண்டு கண்களும். குத்தகைக்காரரிடம் கொண்டுபோய்க் காட்டினேன். கண்ணாடி போட்டுக்கொண்டு உற்றுப் பார்த்தார், யாரென்று தெரியவில்லை என்பது உறுதியானதும் தலையை ஆட்டினார். இப்ப சரி என்றார்.

அந்த இதழ் விற்ற மாதிரி வேறெதுவும் விற்கவில்லை. காரணம் ரொம்ப எளிது, முகம் மூடிய ஆள் யாராக வேண்டுமானாலும் இருக்கலாம். ஊரில் ஒரு வீட்டில் துண்டு மிஞ்சவில்லை. குளித்துவிட்டுத் துவட்டத் துண்டைத் தேடினால் பையன் மூஞ்சியில் இருக்குது என்று அம்மாக்கள் கோயில் வாசலில் என்னைப் பிடித்துக்கொண்டார்கள். பள்ளிக்கூடத்தில் ஆளாளுக்கு நான்தான் லீடர் என்று சண்டை. அவள் தினமும் கடைக்கு வந்து இன்றைக்கு யார் யாரெல்லாம் அவளாக இருந்தார்கள் என்று சொல்லிச் சிரிப்பாள். நாளாக ஆகச் சிரிப்பு குறைந்தது. அது நான்தான் என்று யாரிடமுமே சொல்லக் கூடாதா என்று ஒருநாள் கேட்டாள். நீதானே மூடச் சொன்னாய் என்றேன். ஆமாம் என்று சொல்லிவிட்டு, அடுத்து என்ன ஆகும் என்று கேட்காமலே போனாள். அன்று நான் கடையை அடைக்கும் வரை நாற்காலிக்கும் வாசலுக்கும் நடந்துகொண்டே இருந்தேன்.

காணும் பொங்கல் அன்று பள்ளிக்கூட மைதானத்தில் விளையாட்டுப் போட்டி. சின்னப் பிள்ளைகளுக்கு மாறுவேடமும் உண்டு. வழக்கமாக நாலு தேசத் தலைவர், இரண்டு முருகன், ஒரு நர்ஸ், ஒரு போலீஸ் வரும். அந்த வருஷம் குத்தகைக்காரர் சிறப்பு விருந்தினர், மேடையில் நடு நாற்காலி. அவர் பேரன் தலையிலும் முகத்திலும் துண்டைச் சுற்றிக்கொண்டு வந்தான். இந்தப் பையனுக்கு என் கதையில் சொந்தமாக ஒரு பாத்திரம் இருக்கிறது, அதில் சொந்த முகமும் இருக்கிறது. அதெல்லாம் அவனுக்கு வேண்டியிருக்கவில்லை. மைக் பிடித்த வாத்தியார் நீ யாருப்பா என்று கேட்டதும், நான்தான் லீடர் என்று கத்திவிட்டு மைதானத்தை ஒரு சுற்று ஓடி வந்தான். நல்ல பையன், ஆசையாகத்தான் ஓடினான். முதல் பரிசு அவனுக்கு என்று அறிவித்தார்கள்.

கூட்டம் கைதட்டியது. என் பக்கத்தில் நின்ற அந்தப் பெண்ணும் தட்டினாள். அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. தட்டிக்கொண்டே, கண்ணை அவன்மேலிருந்து எடுக்காமல் மெதுவாகச் சொன்னாள்.

“அவனுக்கு ஓடத் தெரியலக்கா.”

மேடைக்குப் போய் மைக்கைப் பிடுங்கி நாலு வார்த்தை கேட்டுவிட வேண்டும் என்று என் கால் கிளம்பிவிட்டது. எனக்கு முன்னால் வேறொருத்தி கிளம்பியிருந்தாள். உப்பளத்துப் பெண்கள் ஒரு கும்பலாக ஓரத்தில் நின்றிருந்தார்கள், அதிலிருந்து அவள் அம்மா பிரிந்து வந்து சுண்ணாம்புக் கோட்டைத் தாண்டி மைதானத்துக்குள் நின்றாள். இரண்டு மாதம் முன்னால் மகளை எடுத்துவிடச் சொல்லி மழையில் வந்து நின்றவள்.

“அது எம் பொண்ணு.”

வாத்தியாருக்குப் புரியவில்லை. இன்னாம்மா என்று மைக்கிலேயே கேட்டார். குத்தகைக்காரர் பரிசு டிபன் பாக்ஸைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். அவள் அவரைப் பார்த்தே சொன்னாள்.

“அந்த புக்குல ஓடறது எம் பொண்ணுங்க. துண்டுக்குள்ள இருக்கறது அவதான். தம்பிக்குப் பரிசு குடுங்க, நான் வேணாங்கல. ஆனா அது அவ.”

மைதானம் மொத்தமும் அந்தப் பெண்ணைத் திரும்பிப் பார்த்தது. அவள் கை தட்டுவதை நிறுத்தியிருந்தாள். முகத்தில் சிரிப்பு இல்லை, வெட்கமும் இல்லை, நிமிர்ந்து எல்லாரையும் பார்த்தாள். குத்தகைக்காரர் மைக்கில் அப்படியா, ரொம்ப சந்தோஷம் என்று சொல்லிப் பேரனிடம் பரிசைக் கொடுத்தார். அடுத்து சாக்கு ஓட்டம் என்று அறிவித்தார்கள். அவள் அம்மா திரும்பி நடந்து, முன்பு நின்ற இடத்திலேயே போய் நின்றாள். பக்கத்தில் நின்றவர்கள் கொஞ்சம் நகர்ந்து அவளுக்கு இடம் விட்டார்கள்.

தண்ணீர் வடிந்தது. மேஸ்திரி தெருவில் வந்தார், ஒவ்வொரு வாசலிலும் நின்றார், இவர்கள் வாசலில் நிற்காமல் போனார். நாலாவது இதழோடு அச்சுக் கூலியும் நின்றது. எதிர்பார்த்ததுதான். இருந்தாலும் கேள்விப்பட்டதும் என்னால் கடையில் இருக்க முடியவில்லை, ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு அவர்கள் வீட்டுக்குப் போனேன். அவள் அம்மா வாசலில் குந்தி மீன் ஆய்ந்துகொண்டிருந்தாள். மகள் உள்ளே படித்துக்கொண்டிருந்தாள். கலெக்டரிடம் மனு கொடுக்கலாம், பத்திரிகைக்குச் சொல்லலாம், அந்த ஆளை நடுத்தெருவில் நிறுத்திக் கேட்கலாம் என்று நின்றுகொண்டே கொட்டினேன். பாதியில் கண்ணைத் துடைத்துக்கொண்டேன். அவள் செதிலைத் தட்டிவிட்டு, கடற்கரை ரோட்டில் ஒரு விடுதியில் பெருக்கித் துடைக்கிற வேலை கேட்டிருக்கிறேன், திங்கட்கிழமையிலிருந்து பஸ்ஸில் போகணும் என்றாள். சம்பளம் குறைவுதான், உப்புத் தண்ணீரில் கால் வெந்து போகாது என்றாள்.

“நீ எதுக்கு அழுவுற? சொன்னது நானு.”

கொஞ்ச நேரம் மீனைக் கழுவினாள். பிறகு அடுத்த புத்தகம் எப்போது என்று கேட்டாள். அதுவரை அவள் அதைக் கேட்டதே இல்லை. இனிமேல் புத்தகம் இல்லை, பணம் போட ஆள் இல்லை என்று சொல்ல வாயைத் திறந்தேன். உள்ளே பென்சில் ஓடுகிற சத்தம் நின்றிருந்தது. சீக்கிரம் என்றேன்.

“அதுல அவ துண்ட எடுத்துடு. வேலதான் போயிடுச்சே, இனிமே மூஞ்சிய எதுக்கு மூடணும்?”

எடுத்துவிடுகிறேன் என்றேன். அன்று சாயங்காலமே அந்த அட்டையை வரைந்து முடித்துவிட்டேன். அதை அச்சடிக்கத்தான் இன்னும் அலைந்துகொண்டிருக்கிறேன்.